ரொக்கமா, கார்டா? சிறு கடைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். "வாடிக்கையாளரை ரொக்கமாகவே கொடுக்கச் சொல்லலாமா?" என்று பலரும் கேட்டுக்கொண்டே இருப்பதால், கேள்விகளை மொத்தமாக அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நான் சொல்லும் உதாரணம் உங்கள் ஊருக்குப் பொருந்துமா என்று உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். கார்டு மெஷினுக்கு மாதாமாதம் போகிற பணத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எல்லோரையும் ரொக்கத்துக்கு மாற்றிவிட்டால் அது அப்படியே மிச்சம்தானே சார்?

வயிறு எரிவதில் நியாயம் இருக்கிறது. 100க்கு விற்று, எல்லாச் செலவும் போக 10 நிற்கிறது என்று வையுங்கள். கார்டுக் கட்டணம் 2 சதவீதம் என்றால், அந்த 2 போவது விற்பனையிலிருந்து என்று தோன்றும். உண்மையில் போவது அந்த 10 லாபத்திலிருந்து. ஐந்தில் ஒரு பங்கு!

ஆனால் அப்படியே மிச்சம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ரொக்கத்துக்கும் கட்டணம் உண்டு, அதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை, அவ்வளவுதான். கடை சாத்தும் நேரத்தில் கல்லாவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நோட்டுகளைப் பிரிக்க வேண்டும், சில்லறையை எண்ண வேண்டும், பில் மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும், குறைந்தால் மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும். மறுநாளைக்குச் சில்லறை எடுத்து வைத்து, மீதியைக் கட்டி உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். இதற்கு அரை மணி நேரம் என்றால் 26 வேலை நாளுக்கு 13 மணி நேரம். வாரம் ஒரு முறை வங்கிக்குப் போய் வர ஒரு மணி நேரம் என்றால் இன்னும் 4. மாதம் 17 மணி நேரம். அந்த நேரத்தில் நீங்கள் எத்தனை உருப்படி தைப்பீர்கள்? அந்தக் கூலியைக் கார்டுக் கட்டணத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வங்கி ரொக்கம் கட்டுவதற்கும் சில்லறை மாற்றுவதற்கும் கட்டணம் பிடித்தால் அதையும் சேருங்கள்.

பாதிப் பேர் ரொக்கமாகக் கொடுத்தாலும் எண்ணுகிற வேலை பாதியாகக் குறையாது. கல்லா என்று ஒன்று இருந்தால் அதைச் சாத்தியே ஆக வேண்டும். ஏற்கெனவே கொஞ்சம் ரொக்கம் வாங்குகிற கடையில், கூடுதலாக வரும் ரொக்கத்துக்கு ஆகும் செலவு குறைவுதான். ரொக்கமே இல்லாத கடை புதிதாக அதை ஆரம்பித்தால்தான் கையைக் கடிக்கும்.

கேள்வி: என்னிடம் எவ்வளவு கட்டணம் பிடிக்கிறார்கள் என்றே புரியவில்லை. ஸ்டேட்மெண்டில் பத்து வரி இருக்கிறது. எதைப் பார்ப்பது?

முதலில் ஒரே ஒரு வகுத்தல் போதும். மாதத்தின் மொத்தப் பிடித்தத்தை, மாதத்தின் மொத்தக் கார்டு விற்பனையால் வகுங்கள். அதுதான் உங்கள் நிஜமான சதவீதம். விளம்பரத்தில் சொன்ன எண்ணைவிட அது பெரும்பாலும் அதிகமாக இருக்கும்.

பிறகு வரிகளுக்கு வாருங்கள். பெரும்பங்கு, வாடிக்கையாளரின் கார்டைக் கொடுத்த வங்கிக்குப் போகும் இன்டர்சேஞ்ச் கட்டணம். அடுத்தது விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குக்கு. மீதி, உங்களுக்கு மெஷின் கொடுத்தவரின் பங்கு. முதல் இரண்டில் நீங்கள் பேரம் பேச முடியாது, மூன்றாவதில் பேசலாம். மெஷின் வாடகை, குறைந்தபட்ச மாதக் கட்டணம், பாதுகாப்புப் படிவம் நிரப்பாததற்கு அபராதம் என்றெல்லாம் வரிகள் இருந்தால் உடனே போன் போடுங்கள். வேறு நிறுவனத்தின் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பலன் கிடைக்கும். வாடிக்கையாளரிடம் ரொக்கம் கேட்டுக் கெஞ்சுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் இதைச் செய்யாமல்தான் வருகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்டர்சேஞ்சுக்கு 2015 முதல் உச்சவரம்பு உண்டு: தனிநபர் டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 0.3. அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு இல்லை. அமெரிக்கக் கடைக்காரர் புலம்புவதும் ஐரோப்பியக் கடைக்காரர் அலட்டிக்கொள்ளாததும் இதனால்தான். யாரோ ஒருவரின் அனுபவத்தைப் படித்துவிட்டு உங்கள் கடையில் முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: ஸ்டேஷனரி கடை. பேனா, அழிப்பான் என்று சின்னச் சின்ன விற்பனைதான். அதற்கும் கார்டை நீட்டுகிறார்கள்.

உங்களுக்குத்தான் ரொக்கம் உண்மையிலேயே லாபம். பல ஒப்பந்தங்களில் சதவீதத்தோடு, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு நிலையான தொகையும் உண்டு. 2 சதவீதமும் 30 சென்ட்டும் என்று வையுங்கள். 100 டாலர் விற்பனைக்கு 2 டாலர் 30 சென்ட் போகும், பரவாயில்லை. 5 டாலர் விற்பனைக்கு 10 சென்ட்டும் 30 சென்ட்டும் சேர்ந்து 40 சென்ட், அதாவது 8 சதவீதம். பேனாவில் 8 சதவீதம் போனால் என்ன மிஞ்சும்?

இரண்டு வழி இருக்கிறது. நிலையான தொகை இல்லாத, வெறும் சதவீதம் மட்டும் பிடிக்கிற திட்டத்துக்கு மாறலாம், சதவீதம் கொஞ்சம் கூடினாலும் சரி. இல்லையென்றால் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை வைக்கலாம். அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டப்படி கிரெடிட் கார்டுக்கு 10 டாலர் வரை குறைந்தபட்சம் வைக்க அனுமதி உண்டு, டெபிட் கார்டுக்குக் கிடையாது. வேறு நாடுகளில் கார்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தனிப்பட்ட முறையில் "இவ்வளவுக்குக் கீழே கார்டு இல்லை" என்ற அட்டை பிடிக்காது. அழிப்பான் வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு பொருளையும் சேர்த்து எடுப்பார் என்பது கடைக்காரரின் கணக்கு. பலர் அழிப்பானையும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கேள்வி: ரொக்கத்துக்குத் தள்ளுபடி கொடுப்பதும், கார்டுக்குக் கூடுதலாக வாங்குவதும் ஒன்றுதானே?

கணக்கில் ஒன்றுதான், சட்டத்தில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 2018 ஜனவரி முதல், சாதாரண வாடிக்கையாளரின் டெபிட், கிரெடிட் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. அமெரிக்காவில் ரொக்கத் தள்ளுபடியைக் கார்டு நிறுவனங்கள் தடுக்க முடியாது. கூடுதல் கட்டணத்தை மட்டும் சில மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன.

சட்டம் அனுமதித்தாலும் தள்ளுபடி என்றே போடுங்கள். எழுதிய விலைக்கு மேலே கேட்டால் தண்டம் கட்டுவது போல் இருக்கும். குறைத்தால் அதே ஆள் சிரித்துக்கொண்டு போவார். தள்ளுபடி உங்கள் கார்டுக் கட்டணத்துக்கு மேலே போக வேண்டாம். 1.8 சதவீதக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க 5 சதவீதம் தள்ளுபடி தருகிற கடைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படித் தள்ளுபடி கொடுக்கிறவர் எதை மறைக்கிறார் என்று ஊரே யோசிக்கும்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ரொக்கம் வாங்கினால் வரி கட்ட வேண்டாம் என்பதற்காகத்தானே எல்லோரும் கேட்கிறார்கள்?

எல்லோரும் இல்லை, ஆனால் நிறையப் பேர். ரொக்கமாக வந்தாலும் அது வருமானம்தான், கணக்கில் வர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மாட்டிக்கொள்ள மாட்டோம் என்கிற நம்பிக்கையும் தப்பு. விற்பனைக்கு ரசீது இல்லாவிட்டாலும் கொள்முதலுக்கு இருக்கிறதே! எவ்வளவு சரக்கு வாங்கினீர்கள், அந்தத் தொழிலில் வழக்கமாக எவ்வளவு லாபம் வைப்பார்கள், அதன்படி விற்பனை எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போடுவது வரி அதிகாரிகளின் பழைய வித்தை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கடையை விரிவாக்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நாள் வரும். கடையை விற்க நினைக்கும் நாளும் வரும். அன்றைக்கு "நிஜத்தில் இதைவிட இரண்டு மடங்கு வியாபாரம் சார்" என்று சொன்னால் எதிரே இருப்பவர் தாளைத்தான் பார்ப்பார்.

கேள்வி: இந்தியாவில் யுபிஐக்குக் கட்டணமே இல்லை. அப்படியும் "ரொக்கம் மட்டும்" என்று சில கடைகளில் எழுதி வைக்கிறார்களே?

வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்கு வியாபாரியிடம் எம்டிஆர் (விற்பனைத் தொகையில் சதவீதமாகப் பிடிக்கும் கட்டணம்) வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் நடைமுறை. ஸ்பீக்கர் பெட்டிக்கு வாடகை இருக்கலாம், கிரெடிட் கார்டை இணைத்து வரும் யுபிஐயின் கணக்கு வேறு. மற்றபடி கட்டணத்தைக் காரணம் காட்ட முடியாது.

2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை, யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் பல கடைகளில் கியூஆர் அட்டையைக் கழற்றியது அப்போதுதான். பயம் புரிகிறது. ஆனால் பொருள் விற்பவருக்குப் பொதுவாக 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்கிற ஜிஎஸ்டி பதிவு வரம்பு மொத்த விற்றுமுதலுக்கானது, யுபிஐக்கு மட்டுமானது இல்லை. அட்டையைக் கழற்றினால் வரம்பு உயராது. வருமான வரியில் உத்தேச லாபம் (முழுக் கணக்குக்குப் பதிலாக விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று) காட்டும் சிறு வியாபாரிக்கு, வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம் லாபமாகக் காட்டினால் போதும், ரொக்கத்துக்கு 8 சதவீதம். அதாவது ரொக்கம் வாங்கினால் இங்கே வரிதான் கூடும்! இதைச் சொன்னால் நம்பாமல் என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

கேள்வி: கல்லாவில் உட்காரும் பையன் மேல் சந்தேகம். ரொக்கம் கூடினால் திருட்டும் கூடுமே?

கூடும். வழக்கமான வழி, கல்லாவிலிருந்து நோட்டை உருவுவது கூட இல்லை. பில் போட்டு ரொக்கம் வாங்கி, வாடிக்கையாளர் வாசலைத் தாண்டியதும் பில்லை ரத்து செய்வது. கல்லா கணக்கு சரியாக இருக்கும், சரக்குதான் குறையும். எனவே ரத்தான பில்களின் பட்டியலைத் தினமும் பாருங்கள். ஒரே ஆளின் நேரத்தில், ரொக்க பில் மட்டும் ரத்தாகிறதா என்று கவனியுங்கள். ரத்து செய்ய உங்கள் கடவுச்சொல் வேண்டும் என்று வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. ஆதாரம் இல்லாமல் பையனைக் கேட்டுவிடாதீர்கள். எண்ணத் தெரியாமலும் கணக்கு உதைக்கும்.

கேள்வி: கள்ள நோட்டு?

வங்கி பிடித்துக்கொள்ளும், மாற்றித் தராது. நஷ்டம் உங்களுடையது. பெரிய நோட்டை வாங்கும்போதே வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

கேள்வி: கல்யாண போட்டோகிராபர் நான். கார்டில் கட்டிவிட்டு, ஆல்பம் வாங்கிய பிறகு வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். ரொக்கம்தானே எனக்குப் பாதுகாப்பு?

சார்ஜ்பேக்கைச் சொல்கிறீர்கள். பல வகைப் புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு, எனவே பணம் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாதுதான். ரொக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் உங்கள் தொகை பெரியது, அங்கே வேறு சிக்கல். பெரிய ரொக்கத்துக்குப் பல நாடுகளில் வரம்பு இருக்கிறது. இந்தியாவில் 2017 முதல் ஒரே ஆளிடம் ஒரே நாளில், அல்லது ஒரே நிகழ்ச்சிக்கு, 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அதுவும் வாங்கியவருக்கு! கல்யாணம் ஒரே நிகழ்ச்சி, மூன்று தவணையாக வாங்கினாலும் தப்ப முடியாது. பிரான்சில் அங்கேயே வசிப்பவர் வியாபாரிக்கு 1,000 யூரோவுக்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் 10,000 டாலரைத் தாண்டினால் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஏற்றது கார்டும் இல்லை, ரொக்கமும் இல்லை, வங்கிப் பரிமாற்றம். முன்பணம், நிகழ்ச்சி நாள், ஆல்பத்துக்கு முன் என்று மூன்றாகப் பிரித்து, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கார்டில் கட்டுகிறவர் அதிகம் வாங்குவார் என்பது உண்மையா, விற்பனையாளர் விடும் கதையா?

கதை என்று ஒதுக்க முடியாது. எம்ஐடி பேராசிரியர்கள் இருவர் 2001இல் வெளியிட்ட சோதனையில், கூடைப்பந்து டிக்கெட்டுக்குக் கிரெடிட் கார்டில் கட்ட வேண்டியவர்கள், ரொக்கம் கட்ட வேண்டியவர்களைப் போல் சராசரியாக ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏலம் கேட்டார்கள். அது மாணவர்களிடம் நடந்த டிக்கெட் ஏலம் என்பதை மறக்காதீர்கள். அழிப்பானை யாரும் இரண்டு மடங்கு வாங்கப் போவதில்லை. அன்பளிப்புப் பொருள், அலங்காரப் பொருள், ஆசைப்பட்டு வாங்கும் துணி என்றால் கார்டை ஒதுக்குவதற்கு முன் யோசியுங்கள்.

கேள்வி: அப்படியானால் ரொக்கத்தையே நிறுத்திவிட்டால் என்ன? எண்ணுகிற வேலையும் இல்லை, திருட்டும் இல்லை.

சில இடங்களில் அது சட்டப்படி முடியாது. மாசசூசெட்ஸில் 1978இலிருந்தே ரொக்கத்தை மறுக்கக் கூடாது. பிலடெல்பியா 2019இலும் நியூயார்க் நகரம் 2020இலும் சட்டம் கொண்டுவந்தன. கார்டு அதிகம் புழங்கும் நார்வே கூட 2024 அக்டோபரில், ரொக்கமாகக் கொடுக்கும் வாடிக்கையாளரின் உரிமையை வலுப்படுத்தியது. காரணம் எளிது, வங்கிக் கணக்கு இல்லாதவரும் முதியவரும் கடைக்கு வருகிறார்கள்.

சட்டம் இல்லாத இடத்திலும் நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். 2018 ஜூன் 1இல் ஐரோப்பாவில் ஒரு ஸ்விட்ச் பழுதானதால் விசா பரிவர்த்தனைகள் மணிக்கணக்கில் தோற்றன. 2022 ஜூலை 8இல் கனடாவில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நெட்வொர்க் படுத்ததும் டெபிட் கார்டுகள் நாடு முழுக்க வேலை செய்யவில்லை. 2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருட்டில் கிடந்தபோது, கல்லாவில் சில்லறை வைத்திருந்தவர்கள்தான் விற்றார்கள்.

கேள்வி: சரி சார், போர்டு வைப்பதென்றால் எப்படி வைப்பது?

"சிறு தொகைக்கு ரொக்கமாகக் கொடுத்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும். கார்டும் வாங்குகிறோம்." இந்த இரண்டு வரியும் வேண்டும். இரண்டாவது வரியை விட்டுவிட்டால் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அதை வாசலில் வையுங்கள், கல்லாவில் வேண்டாம். பொருளை எடுத்து, வரிசையில் நின்று, கார்டை நீட்டிய பிறகு ரொக்கம் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். ரொக்கம் கேட்கிற கடையில் சில்லறை இல்லை என்ற பேச்சும் வரக் கூடாது. காலையில் கல்லாவைத் திறக்கும்போதே சின்ன நோட்டும் காசும் போதுமான அளவு இருக்கட்டும்.