வாசகர் கேள்விகள்: கணவாய் வாசலில் ஒரு சந்தை ஊர்

(சேலத்தையும் சேர்வராயன் மலையையும் பற்றி வந்த கேள்விகள் இம்முறை சேர்த்துத் தரப்படுகின்றன.)

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து வேலை மாறுதலில் சேலத்துக்கு வந்து ஓராண்டு ஆகிறது. எங்கள் ஊரில் உள்ளதுபோலப் பெரிய கோயிலோ அரண்மனையோ இங்கே கண்ணில் படவில்லை. உறவினர்கள் வந்தாலும் நேராக ஏற்காட்டுக்குத்தான் போகிறார்கள். சேலத்துக்கென்று வரலாறு ஏதேனும் உண்டா?
— வாசகர், அழகாபுரம்

பதில்: உண்டு. ஆனால் தஞ்சாவூரில் தேடுவதுபோல இங்கே தேடினால் அது அகப்படாது. அரசன் வீற்றிருந்த ஊர் தன் வரலாற்றைக் கோபுரத்தில் எழுதி வைக்கும். சந்தையாக வளர்ந்த ஊரின் வரலாறு தெருப்பெயர்களிலும் கைத்தொழில்களிலும் தங்கியிருக்கும். வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், மேற்கே கஞ்சமலையும், தெற்கே ஜருகுமலையும், கிழக்கே கோதுமலையும் நிற்க, நடுவில் கிண்ணம்போல் கிடக்கிறது சேலம். இந்த மலைகளின் இடையே தொப்பூர்க் கணவாய் தருமபுரிக்கும் அதற்கு அப்பால் மைசூர் நாட்டுக்கும், மஞ்சவாடிக் கணவாய் அரூருக்கும் வழிவிடுகின்றன. மேட்டு நாட்டிலிருந்து இறங்குகிறவர்களும், காவிரிக்கரையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் ஏறுகிறவர்களும் சந்திக்க வேண்டிய இடத்தில் அமைந்ததால் இது சந்தை ஊராயிற்று. செவ்வாய்க்கிழமைச் சந்தையின் பெயரை செவ்வாய்ப்பேட்டை இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை ஆகியவை தறியால் வளர்ந்த பகுதிகள். நான் குகையில் வளர்ந்தவன். தறிச்சத்தம் நின்றால்தான் எங்களுக்கு விழிப்பு வரும்; அப்படி அது நிற்பது ஆடி மாதத்தில் மாரியம்மன் பண்டிகைக்கு. அந்த நாள்களில் அலங்கரித்த வண்டிகளில் புராண வேடங்கள் புனைந்து வரும் வண்டி வேடிக்கையை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஊர் முழுவதும் கூடும் அந்த மாதம்தான் சேலத்தின் உண்மையான திருநாள் என்பது என் துணிபு.

அரசியல் வரலாற்றிலும் இந்த ஊர் பின்தங்கியதில்லை. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாணமெங்கும் பரவிய, உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கான பயிற்சியை இந்தச் சீமையில்தான் பெற்றார். 1882ஆம் ஆண்டுச் சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு, வழக்காடி விடுதலை பெற்ற சி. விஜயராகவாச்சாரியார், 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1917 முதல் 1919 வரை இந்நகராட்சியின் தலைவராக இருந்த ராஜாஜி, மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைப்படுத்தினார். 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதும் இங்கு நடந்த மாநாட்டில்தான். காங்கிரஸ், திராவிட இயக்கம் என நேர் எதிரான இரண்டு அரசியல் மரபுகள் ஒரே ஊரில் வேர்பிடித்ததை நான் தற்செயலாகக் கருதவில்லை. பல திசை மக்களும் பல மொழி நெசவாளரும் வணிகரும் கூடி வாழும் சந்தை ஊரில் எந்தப் பேச்சுக்கும் கேட்பவர் கூட்டம் உண்டு.

கேள்வி: சேலம் என்ற பெயர் எப்படி வந்தது?
— வாசகி, ஓமலூர்

பதில்: மலையைக் குறிக்கும் ‘சைலம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து, சேரர் தொடர்பால் ‘சேரலம்’ என்றிருந்து திரிந்தது என்பது மற்றொன்று. நாற்புறமும் மலையைக் காணும் எவருக்கும் முதல் விளக்கம் இயல்பாகத் தோன்றும். என் மனமும் அந்தப் பக்கமே சாய்கிறது, ஆனாலும் ஊர்ப்பெயர் ஆய்வில் கண்ணுக்கு இனிய விளக்கம் சான்றாகிவிடாது.

கேள்வி: சேலத்தில் உருக்காலை அமைந்தது ஏன்? கஞ்சமலையில் இரும்பு இருப்பதாகத் தாத்தா சொல்கிறார்.
— கல்லூரி மாணவர், இளம்பிள்ளை

பதில்: தாத்தா சொல்வது முற்றிலும் உண்மை. கஞ்சமலையில் உள்ளது காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட் கனிமம். அதன் அடிவார மண்ணில் ஒரு காந்தத் துண்டைப் புரட்டினால் கருமணல் மயிர்போல் ஒட்டிக்கொண்டு வரும்; சிறுவயதில் நாங்கள் அதை விளையாட்டாகவே செய்திருக்கிறோம். ஆலைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இச்சீமையின் கொல்லர்கள் மண் உலைகளில் மரக்கரியைக்கொண்டு இரும்பை உருக்கினார்கள். அந்த இரும்புத் துண்டுகளை ஆவாரங்குச்சியோடு மூசை எனப்படும் சிறு களிமண் குடுவைகளில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துக் காய்ச்சும்போது, குச்சியிலிருந்த கரிச்சத்து இரும்பில் ஏறி அதை உருக்காக மாற்றியது. எழுத்தறியாத கைகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இந்த வேதியியலைக் கண்டு ஐரோப்பியர் வியந்தனர். கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்துக் கனிமத்தை நம்பி 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலையைத் தொடங்கினார். மரக்கரியை நம்பிய அந்த முயற்சி நிலைக்கவில்லை.

இன்றைய உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1982இல் உற்பத்தி தொடங்கியது. ஆனால் அது கஞ்சமலையை வெட்டி இரும்பு எடுக்கும் ஆலை அன்று. துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாகத்தான் அது பிறந்தது. மலை வெட்டப்படாமல் நிற்பதில் எனக்கு மகிழ்ச்சியே. சேலத்திலிருந்து உண்மையிலேயே உலைகளுக்குப் போன கல் வேறு. கருப்பூரிலிருந்து ரயிலில் வரும்போது வெளுத்துத் தெரியும் மேடுகளில் கிடைக்கும் மேக்னசைட்டைச் சுட்டுச் செய்யும் செங்கல், உருக்கு உலைகளின் உட்சுவரில் பதிக்கப்படுகிறது. அந்தக் கல்லின் பெயரையே தாங்கி அங்கே ஒரு ரயில் நிலையமும் இருக்கிறது.

கேள்வி: சேலம் ரயில் சந்திப்பு நகரைவிட்டு விலகிச் சூரமங்கலத்தில் இருப்பது ஏன்?
— வாசகர், கிச்சிப்பாளையம்

பதில்: சென்னையிலிருந்து வரும் பாதை பொம்மிடி, லோக்கூர், தானிஷ்பேட்டை என்று சேர்வராயன் மலையின் மேற்கு அடிவாரத்தைச் சுற்றி இறங்கி, அப்படியே ஈரோட்டை நோக்கித் திரும்புகிறது. பழைய ஊரோ அதற்குக் கிழக்கே கிடக்கிறது.

கேள்வி: ஏற்காட்டை ஆங்கிலேயர்தான் உருவாக்கினார்கள் என்று வழிகாட்டி ஒருவர் சொன்னார். சரிதானா?
— வாசகி, நாமக்கல்

பதில்: தோட்டங்களையும் பங்களாக்களையும் பற்றிச் சொன்னால் சரி. 1820களில் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பிப் பயிரை அங்கே கொண்டுவந்தார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறி நிற்க, அவற்றின் நிழலில் காப்பி வளரும் இன்றைய காட்சி தோட்டப் பயிரால் வந்ததே. ஆனால் ‘உருவாக்கினார்கள்’ என்ற சொல் அங்கு முன்பே குடியிருந்தவர்களை இல்லாதவர்களாக்கிவிடுகிறது. ஏரியும் காடும் சேர்ந்த பெயரே தமிழ்ப்பெயர்தான். மலையாளிகள் என்று அழைக்கப்படும் அம்மலையின் பழங்குடியினர் பேசுவது தமிழ். கேரளத்தோடு அவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, மலையை ஆள்வோர் என்பதே அப்பெயரின் பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்றும், மூத்தவர் சேர்வராயன் மலையிலும், இரண்டாமவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மலையுச்சியில், தலையைக் குனிந்தே நுழைய வேண்டிய குகைக்குள், சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு ஊர் ஊராகத் திரண்டு வரும் மக்களைப் பார்த்தால், அந்த மலை யாருடையது என்பதை வழிகாட்டியிடம் கேட்க வேண்டியிராது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடாமல், அடுத்த முறை அந்தக் குகை வரை செல்லுங்கள்.

கேள்வி: திருமணிமுத்தாறு ஓர் ஆறு என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். என்ன சொல்லட்டும்?
— வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. சேர்வராயன் மலைச்சரிவில் மஞ்சவாடிப் பக்கம் பிறந்து, சேலத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு அது. நகரின் சுகவனேசுவரர் கோயிலும், ஔவையார் பாரி மகளிருக்கு மணம் முடித்ததாகச் சொல்லப்படும் உத்தமசோழபுரத்துக் கரபுரநாதர் கோயிலும் அதன் கரைத் தலங்களே. நெசவுத் தறிகள் இந்த ஊரில் தழைத்ததில் நூலுக்குச் சாயமேற்றி அலசத் தண்ணீர் கிடைத்ததற்கும் பங்குண்டு. பிறகு அந்தச் சாயக்கழிவும் ஊரின் சாக்கடையும் சேர்ந்து, கொடுத்த ஆற்றின்மேலேயே விழுந்தன. தறிக்காரர் வீட்டுப் பிள்ளையாகிய எனக்கும் அதில் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளிடம் வாதாட வேண்டாம். ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள், அயோத்தியாபட்டணத்தைத் தாண்டி மஞ்சவாடிச் சாலையில் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில், நகரத்துச் சாக்கடை எதுவும் இன்னும் கலக்காத தண்ணீர் கற்களின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். அதில் அவர்கள் கால் நனைக்கட்டும். அந்தத் தண்ணீர்தான் நம் வீட்டுப் பக்கம் வருகிறது என்று அங்கேயே சொல்லுங்கள்.