பார்க்கின்சன் ஆதரவுக் குழுவில் தமிழ் பேசும் அப்பாவுக்கு என்ன இருக்கிறது?

கேள்வி: "அப்பாவுக்கு 68 வயது, போன வருடம் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் என்று சொன்னார்கள். கோலாலம்பூரில் இதற்கு ஆதரவுக் குழு இருக்கிறதாம். தமிழ் பேசுபவர் அங்கே போய் என்ன செய்வார்? வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் போதாதா?"

கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் போதாதா என்று, அதே வார்த்தையை நானும் சொன்னவள். அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் ஓடியாடுவது நீங்கள் ஒருவர்தான், கூடப்பிறந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து யோசனை சொல்பவர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். நான் மருத்துவர் இல்லை, எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் 31 வருடம் வேலை செய்தவர். நாங்கள் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில். முதலில் வாசனை தெரியாமல் போனது, அம்மா கருவாடு பொரித்தால் கூடத் தெரியாது. அப்புறம் கையெழுத்து எறும்பு மாதிரி சிறுத்தது, நடக்கும்போது இடது கை வீசவில்லை. மடோபார் என்ற லெவோடோபா மாத்திரை ஆரம்பித்ததும் நன்றாகத்தான் இருந்தார். சில வருடம் கழித்து வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது போல அப்படியே நின்றுவிட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு காகிதம் கொடுத்தார்: மலேசிய பார்க்கின்சன் நோய் சங்கம், கூச்சாய் லாமா பக்கம் ஹேப்பி கார்டனில் இருக்கிறது, 1994-இல் தொடங்கியது, போய்ப் பாருங்கள் என்று. அந்தக் காகிதத்தை அலமாரியில் போட்டு இரண்டு வருடம் வைத்திருந்தேன். அங்கே எல்லாரும் சீனர்களாக இருப்பார்கள், ஆங்கிலம் பேசுவார்கள், அப்பா மூலையில் உட்கார்ந்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என்னை மாற்றியது ஒரு கல்யாண விருந்து. பத்திரிகையில் இரவு 7 மணி என்று போட்டிருந்தார்கள், சாப்பாடு வந்தபோது பத்தே கால். லெவோடோபா மாத்திரையை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், கறி, மீன், பருப்பு என்று புரதத்தோடு சேர்ந்தால் சரியாக ஏறாது. எப்போது சாப்பாடு என்றே தெரியாத இடத்தில் எப்போது மாத்திரை கொடுப்பது? இதைக் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள், ஆனால் கேட்கத்தான் வேண்டும்: நம் ஆட்கள் ஏன் ஏழு மணி என்று போட்டுவிட்டுப் பத்து மணி வரை மனிதர்களைக் காயப்போடுகிறார்கள்? சர்க்கரை வியாதிக்காரர்கள் இருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டரை மணிக்கு மண்டபத்தில் பாதி நாற்காலி காலியாக இருந்தது, வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தண்டனை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரையின் வேகம் இறங்கி, கை கழுவப் போன அப்பா நடு வழியில் நின்றுவிட்டார், உடம்பு ஆடியது. பின்னால் வந்த சொந்தக்காரர் "நல்லா ஊத்தியிருக்காரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது, அப்பா காதிலும் விழுந்தது. வாழ்நாளில் ஒரு போத்தலைத் தொடாத மனுஷர். வீடு வரும்வரை அவர் பேசவில்லை.

அடுத்த வாரமே கிளம்பினோம். செந்தூல் பாராட் நிலையத்தில் எம்ஆர்டி ரயில் ஏறினால் மாறாமல் கூச்சாய் வரை போகலாம், அங்கிருந்து கிராப் டாக்ஸி. அப்பாவுக்கு உள்ளே நுழையவே மனமில்லை. "எனக்கு நாளைக்கு என்ன ஆகும்னு அங்க உட்கார்ந்து பார்க்கச் சொல்றியா?" என்று கேட்டார். அந்தப் பயம் நியாயமானது, சக்கர நாற்காலியில் இருந்தவர்களைப் பார்த்து எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் அரை மணி நேரத்தில் அப்பா பக்கத்திலிருந்த சீன அங்கிளோடு மலாயும் செந்தூல் கடைத்தெருவில் பழகிய கேன்டனீஸும் கலந்து பேசிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அந்த மொழி வராது. கையை அகல வீசிப் பெரிய அடியாக வைத்து நடக்கிறார்கள், அடிக்கு ஒன்றாகச் சத்தமாக எண்ணுகிறார்கள். மாதக்கணக்கில் முணுமுணுத்துக்கொண்டிருந்தவரின் பழைய குரல் கேட்டது.

அந்த அங்கிள்தான் தரையில் கோடு போடச் சொன்னார். நாம் யோசிக்காமல் நடக்கிறோமே, அந்தப் பழக்கம்தான் இந்த நோயில் கெடுகிறது. கண் முன்னால் தாண்டுவதற்கு ஒரு கோடு இருந்தால் மூளை வேறு வழியில் காலைத் தூக்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்து கழிவறை வரை குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டினோம். அப்பா இடைவெளி சரியில்லை என்று எல்லாவற்றையும் பிய்த்து மறுபடி ஒட்டச் சொன்னார். தண்டவாளத்தில் சிலீப்பர் கட்டைக்குக் கட்டை இருக்கும் அளவு அவர் காலுக்குத் தெரியும். இப்போது அதன் மேல் நடந்து போகிறார், நிற்பதில்லை என்று சொல்ல மாட்டேன், நிற்பது குறைந்திருக்கிறது.

நான் எதிர்பார்க்காதது அம்மா. ராத்திரி அப்பா தூக்கத்தில் கத்துவார், உதைப்பார். அம்மா அதை யாரிடமும் சொல்லாமல் கோயிலில் மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் படுத்திருந்திருக்கிறார். அங்கே மற்ற மனைவிமார்கள் காப்பி குடிக்கும்போது இதையே பேசினார்கள். கனவு காணும்போது உடம்பு தளர்ந்து கிடக்க வேண்டும், இந்த நோயில் பலருக்கு அது நடப்பதில்லை, கனவில் செய்வதைக் கை கால் செய்துவிடுகிறது, நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே கூட. டாக்டரிடம் எங்களுக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் இதைக் கேட்க அம்மாவுக்கு வாய் வந்ததில்லை. இப்போது கட்டில் ஓரத்தில் தலையணை அடுக்குகிறோம், அம்மா தனிக் கட்டிலில் படுக்கிறார்.

ஒரு உறவினர் 180 வெள்ளிக்கு விற்ற பூனைக்காலிப் பொடியையும் அங்கே பேசித்தான் நிறுத்தினோம். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது, மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் அளவு கூடிப்போய் உடம்பு தன்னால் நெளியலாம். நாட்டு மருந்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். சமூக நல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கும் ஓகேயு அட்டை பற்றியும் அங்கேதான் தெளிவாகத் தெரிந்தது: டாக்டர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் விண்ணப்பிக்கலாம்.

நோய் நிற்கவில்லை, போன மாதம் கூட விழுந்தார். பெற்றவர்களை வெளியே தள்ளிவிடுகிறார்கள் என்று எழுத வருபவர்களுக்கு: வாரத்தில் ஒரு காலை நேரம் அங்கே போகிறார், மீதி நாள் எல்லாம் எங்களோடுதான் இருக்கிறார்.

போகும் முன் போன் செய்து எந்த நாளில் என்ன வகுப்பு என்று கேளுங்கள், மாத்திரையின் வேகம் இறங்காத நேரமாகப் பாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கெல்லாம் முன்னால், போக விருப்பமா என்று அப்பாவிடமே கேளுங்கள்.