லாட்டரி நடத்திய போதகர்

கேள்வி: ஒரே ஆள் ஒரே கல்லூரிக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் தலைவராக இருந்தது எங்காவது உண்டா? வீட்டில் பந்தயம்.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. 62 வருஷம்! ஜெயித்தது நீங்களா, வீட்டுக்காரரா?

எலிஃபலட் நாட் என்று ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகர். நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி ஊரில் உள்ள யூனியன் கல்லூரிக்கு 1804-ல் தலைவரானார். 1866-ல், 92 வயதில் கண்ணை மூடும்வரை நாற்காலி அவருடையதுதான்.

எனக்கு இவரைப் பிடித்துப்போனது பிரசங்கத்தால் அல்ல, அடுப்பால். ஆந்த்ரசைட் நிலக்கரி நின்று எரியும்; ஆனால் லேசில் பற்றாது. அதை வீட்டுக்குள் எரிக்க விதவிதமாக அடுப்பு செய்து பார்த்து, முப்பது காப்புரிமை அளவுக்கு வாங்கிவிட்டார். வேறு கல்லூரிகளில் விரட்டிவிட்ட பையன்களையும் சேர்த்துக்கொள்வார். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கைதிகளை நாடுகடத்திய ஆஸ்திரேலிய இடமான ‘பாட்டனி பே’ என்று அவர் கல்லூரியைக் கேலி செய்தார்கள்.

சரி, லாட்டரிக்கு வருவோம். 1814-ல் மாநில சட்டசபையிடம் வாதாடி, கல்லூரிக்கு 2,00,000 டாலர் லாட்டரி மூலம் திரட்ட அனுமதி வாங்கினார். (அதே சட்டத்தில் கொலம்பியா கல்லூரிக்குக் கிடைத்தது பணமல்ல, ஒரு தாவரத் தோட்டம். இன்று அங்கே நியூயார்க் நகரின் ராக்கஃபெல்லர் சென்டர் என்ற பெரிய கட்டிடத் தொகுதி நிற்கிறது!) சீட்டு விற்பனை மந்தமானதும், நடத்தும் பொறுப்பையே கையில் எடுத்துக்கொண்டார். குடிக்கு எதிராக மேடையேறிப் பேசிய மனுஷர், லாட்டரியில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார் போலிருக்கிறது. எங்கள் அப்பாவும் அப்படித்தான். சீட்டைப் பஞ்சாங்கத்துக்குள் ஒளித்துவைப்பார்.

நாட் நடத்திய லாட்டரியில் கல்லூரிப் பணம் எது, சொந்தப் பணம் எது என்று பிரிக்க முடியாமல் போய், 1850 வாக்கில் சட்டசபை விசாரணையே வந்தது. கடைசியில் சுமார் 6,00,000 டாலர் மதிப்புள்ள சொத்தைக் கல்லூரிக்கு எழுதிவைத்தார். தானமா, திருப்பிக் கொடுத்ததா? என்னைக் கேட்டால் இரண்டும்தான்.

இன்னொரு கணக்கில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய வண்டியோட்டி மோசஸ் வைனி, மேரிலாந்திலிருந்து தப்பி வந்த அடிமை. தப்பியவர்களைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி 1850-ல் சட்டம் வந்ததும் அவரைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, பழைய எஜமானனிடம் பேரம் பேசி, 250 டாலருக்கு விடுதலை வாங்கித் தந்தார். வைனி திரும்பி வந்தார். போதகர் தள்ளாடிய கடைசி வருஷங்களில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டதும் அவர்தான்.