பொட்டென்ஷியல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

இதே கேள்வியை என் அப்பா என்னிடம் கேட்டிருக்கிறார். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ரேங்க் கார்டில், 'பொட்டென்ஷியல் இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள். மேலூர் பக்கம் விவசாயம் பார்த்தவர் அப்பா. கையெழுத்துப் போடும் முன் கேட்டார்: "ஏத்தா, முடியும்னு எழுதியிருக்காகளா, முடியலன்னு எழுதியிருக்காகளா?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'பொட்டிஸ்' என்றால் வல்ல, இயன்ற. 'எஸ்ஸே' என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்துதான் 'போஸ்ஸே', அதாவது இயலுதல். அதன் வழியில் பொட்டென்ஷியா, வலிமை. அப்புறம் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. பவர், பாசிபிள் இரண்டும் இதன் சொந்தக்காரர்கள்தான். ஆக, வேரில் 'முடியும்' மட்டுமே உண்டு. 'இன்னும் செய்யவில்லை' என்ற சாயல் தத்துவத்திலிருந்து வந்து ஒட்டியது.

அரிஸ்டாட்டில் இரண்டு கிரேக்கச் சொற்களை எதிரெதிரே வைத்தார். உள்ளே இருக்கும் ஆற்றல் டைனமிஸ். அது செயலாக வெளிப்பட்ட நிலை எனர்ஜியா. வீடு கட்டத் தெரிந்தவன் கட்டாமல் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த ஆற்றல் அவனிடம் இருக்கிறது என்று வாதாடியவர் அவர். டைனமிஸுக்கு லத்தீனில் வைத்த பெயர்தான் பொட்டென்ஷியா. 1853இல் ரேங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 'பொட்டென்ஷியல் எனர்ஜி' என்று பெயர் வைத்தபோது, அந்த எதிரெதிர்ச் சொற்கள் இரண்டும் ஒரே பெயரில் ஒட்டிக்கொண்டன! வகுப்பில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது.

தமிழில் இடத்துக்குத் தகுந்த மாதிரி மாறும். இயற்பியலில் நிலை ஆற்றல், மின்சாரத்தில் மின்னழுத்தம். ஆளைப் பற்றிச் சொன்னால் உள்ளாற்றல் என்பேன். பலர் திறமை என்று எழுதுகிறார்கள், அது பொருந்தாது. திறமை ஏற்கெனவே வெளியே தெரிந்துவிட்ட ஒன்று.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தண்ணீரே போதும். தேக்கடியில் நிற்கும் பெரியாறு அணைத் தண்ணீர் அசையாமல்தான் கிடக்கிறது. ஆனால் அது நிற்கும் உயரம் இருக்கிறதே, அதுதான் அதற்கு நிலை ஆற்றலைத் தருகிறது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரமாகிறது. குமுளி மலைப்பாதையில் போகும்போது அந்தக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீர்தான் வைகை அணைக்கு வந்து, பேரணையில் பிரிந்து, கடைசியில் மேலூர் பக்கம் ஒருபோகத்துக்குப் பாய்கிறது.

பல வருடம் கழித்து இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப கம்மா பெருகித்தான் கெடந்திருக்கு. எந்த மடையத் தொறக்கணும்னு அவுக எழுதல" என்றார்.

அதிலிருந்து ரேங்க் கார்டில் அந்த ஆங்கிலச் சொல்லை மட்டும் நான் எழுதுவதில்லை. போன பருவத்தில் ஒரு பிள்ளைக்கு எழுதியது இது: 'கணக்கு இவளுக்கு வரும். பின்னத்தில்தான் தடுமாறுகிறாள். தினமும் ஐந்து கணக்கு போடச் சொல்லுங்கள்.'