அப்பாவின் பேஸ்மேக்கரும் அண்ணனின் பம்பிங்கும்

கேள்வி: வணக்கம் டாக்டர். என் அண்ணனுக்கு 38 வயது. மூச்சிரைப்பு, கால் வீக்கம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனதில் ஹார்ட் பெரிதாகியிருக்கிறது, பம்பிங் 28 சதவீதம்தான் என்றார்கள். ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. அண்ணனுக்குக் குடிப்பழக்கம் உண்டு, அதனால்தான் என்கிறார்கள் எல்லோரும். எங்கள் அப்பா குடித்ததே இல்லை. அவருக்கு 44 வயதில் பேஸ்மேக்கர் வைத்தார்கள், 49-ல் தூக்கத்திலேயே போய்விட்டார். இந்தியர்களில் 25 பேரில் ஒருவருக்கு இதயத்தைக் கெடுக்கும் மரபணு இருக்கிறதாமே, நான் அந்த டெஸ்ட் எடுக்க வேண்டுமா? நான் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். பிள்ளைகள் இருவர்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அப்பாவைப் பற்றிய அந்த ஒரு வரிதான். பேஸ்மேக்கர் பெரும்பாலும் 60, 70 வயதைத் தாண்டியவர்களுக்குத் தேவைப்படுவது. அப்பாவுக்கு 44-லேயே துடிப்புக் கோளாறு, பிறகு திடீர் மரணம், அடுத்த தலைமுறையில் இதயத் தசை பலவீனம். இந்த வரிசையைப் பார்த்தால் லாமின் என்ற மரபணுவின் நினைவு எனக்கு வராமல் இருக்காது.

நம் செல்களின் உட்கருவுக்கு உள்பக்கமாகப் பின்னப்பட்ட வலை போன்றது லாமின் புரதம். அதில் பழுது வந்தால் பல சமயம் முதலில் கெடுவது இதயத்தின் மின்பாதை. பம்பிங் குறைவது பின்னால். 1999-லேயே இது தெரிந்துவிட்டது. சிகிச்சையே இதனால் மாறும். சாதாரண பேஸ்மேக்கர், துடிப்பு குறையும்போது தூண்டிவிடும், அவ்வளவுதான். உயிரைப் பறிக்கும் வேகத் துடிப்பு வந்தால் அதிர்ச்சி கொடுத்து மீட்க ஐ.சி.டி. கருவி வேண்டும். பொதுவாக, மூன்று மாதமாவது சரியாக மாத்திரை சாப்பிட்டும் பம்பிங் 35 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால்தான் அதைப் பற்றிப் பேசுவோம். லாமின் பழுது உள்ளவர்களில் சிலருக்கு பம்பிங் அதைவிட நன்றாக இருக்கும்போதே வைக்க வேண்டிவரும்.

பயிற்சி முடித்த புதிதில் ஒரு லாரி ஓட்டுநர் உங்கள் அண்ணனைப் போலவே வந்தார். சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, குடிப்பீங்களா என்று கேட்டேன். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து அவருடைய தம்பி, வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் விழுந்து இறந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபைலின் பின் அட்டையிலும் தாத்தா பாட்டியில் தொடங்கி வம்சப் படம் வரைகிறேன். ‘திடீர்னு போயிட்டாரு’, ‘கிணத்துல விழுந்துட்டாரு’ என்று சொல்வதையும் விடாமல் குறித்துக்கொள்கிறேன்.

குடியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் இன்றே விட வேண்டும். ஆனால் ‘குடிச்சான், வந்துச்சு’ என்று விஷயத்தை மூடிவிடக் கூடாது. குடியால் இதயம் கெட்டது என்று சொல்லப்பட்டவர்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். அவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கு டைட்டின் என்ற தசைப் புரதத்தின் மரபணுவிலேயே பழுது இருந்தது. ஏற்கெனவே விரிசல் விட்ட சுவரில் மழை இறங்கியது போலத்தான்.

நீங்கள் கேள்விப்பட்ட 25-ல் ஒருவர் கணக்கு வேறு மரபணுவைப் பற்றியது: எம்.ஒய்.பி.பி.சி.3. அதில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டவர்கள் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் என்று 2009-ல் ஓர் ஆய்வு சொன்னது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. பின்னால் வந்த ஆய்வுகளோ, அந்த விடுபடல் மட்டும் இருந்தால் ஆபத்து அவ்வளவு இல்லை, கூடவே ஒட்டி வரும் அரிய மாற்றங்கள்தான் சிலருக்கு நோயைத் தருகின்றன என்று காட்டின. அதை நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டாம்.

டெஸ்ட்டுக்கு முதலில் அண்ணனுடைய ரத்தம்தான் போக வேண்டும். நோய் உள்ளவரிடம் பழுது எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான், உங்களிடம் அதே இடத்தைப் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்ல முடியும். அவரிடம் ஒன்றும் அகப்படாமலும் போகலாம். அதற்காகப் பரம்பரை நோய் இல்லை என்று ஆகிவிடாது.

அத்தை மகனை மணந்ததைக் குறிப்பிட்டது மிக நல்லது. பழுது அப்பாவிடம் இருந்திருந்தால் உங்களுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது தாத்தா பாட்டி வழியாக வந்ததென்றால் அத்தைக்கும் இருக்கலாம். உங்கள் கணவருக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இருவரிடமும் இருந்து பிள்ளைக்கு இரட்டிப்பாகப் போனால் நோய் சின்ன வயதிலேயே கடுமையாக வரக்கூடும். இதை வைத்து உறவில் யாரும் உங்களைக் குற்றம் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். அத்தையையும் கணவரையும் இந்த வம்சப் படத்துக்குள் சேர்த்துவிடுங்கள், போதும்.

அண்ணனின் ரிசல்ட் வரும்வரை நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். நீங்கள் ஈ.சி.ஜி., எக்கோ, 24 மணி நேரத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் மூன்றும் எடுங்கள், கணவருக்கும் ஈ.சி.ஜி., எக்கோ பார்த்துவிடுங்கள். யாருக்காவது படபடப்போடு தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அப்பாவின் பேஸ்மேக்கர் கார்டு, பழைய ஈ.சி.ஜி., டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாம் பீரோவில் எங்காவது இருக்கும். தேடி எடுத்து, அண்ணனைப் பார்க்கும் டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது முதலில் அதைக் காட்டுங்கள்.