அக்டோபர் தோல்விகளும் இளம் தற்காப்பும்

உங்கள் ஐஸ் ஹாக்கி அணி அக்டோபரில் ஆட்டத்தின் மூன்றாம், அதாவது கடைசிப் பகுதியில் கோல்கள் வாங்கித் தோற்பதால் பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்கிறீர்கள்; மாற்றினால் அந்தச் சரிவு நிற்காது. உங்கள் அணி ஆடும் அமெரிக்கன் ஹாக்கி லீக் (என்எச்எல் என்னும் உச்ச லீகுக்கு அடுத்த நிலை) பருவம் 72 ஆட்டங்கள் கொண்டது, இது தொடக்கம்தான்.

கோளாறு பெரும்பாலும் தற்காப்பு வீரர்கள் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) தங்கள் பகுதியிலிருந்து வெளியேற்றும் விதத்தில் இருக்கும். கோல்காப்பாளர்கள் நீங்கலாகக் களமிறங்கும் 18 பேரில் பெரும்பாலோர் வளரும் வீரர்களாக (தொழில்முறை ஆட்டங்கள் குறைவாக ஆடியவர்களாக) இருக்க வேண்டும் என்பது லீகின் விதி. ஜூனியர் ஆட்டத்தில் நிதானமாகத் திரும்பிப் பார்த்துப் பழகிய இளைஞர், இங்கே தோளைத் திருப்புவதற்குள் எதிரணியினர் வந்து மோதிவிடுவதால், பார்க்காமலே களத்தைச் சுற்றிய பலகைச் சுவரோரம் பக்கை அடிக்கிறார். அது நேரே எதிராளியின் மட்டைக்குப் போகிறது.

வாங்கிய கோல்களை, ஐவருக்கு ஐவர் ஆடியபோது விழுந்தவை, தண்டனையால் ஆள் குறைந்த நேரத்தில் விழுந்தவை என்று பிரித்துப் பாருங்கள். முன்னது மிகுந்தால் நான் சொன்னதே காரணம்.

ஆனால், மேல்மட்ட என்எச்எல் அணி உங்கள் மூத்த தற்காப்பு வீரரை அழைத்துக்கொண்ட வாரங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.