சின்னப் பணத்தில் படம்: தர்மபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

பாலக்கோட்டில் பதினான்கு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஐந்து குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். டிராலி, விளக்குச் சட்டம், மைக் கழி எல்லாம் நானே செய்துகொண்டவை. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

பென்னாகரம், கல்லூரி மாணவர்: அண்ணா, கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. பன்னிரண்டு நிமிடப் படம். நல்ல கேமரா வாடகைக்கு எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் போனிலேயே எடுங்கள். நடிக்க வருகிற சொந்தக்காரர்கள் சம்பளம் கேட்கமாட்டார்கள். ஆனால் காலை ஆறு மணிக்கு வந்து நின்றவர்களுக்கு எட்டு மணிக்கு இட்லி வந்தாக வேண்டும். பத்துப் பேர், மூன்று நாள் சாப்பாடு, டீ, பெட்ரோல் என்று பாதிப் பணம் அதற்கே போய்விடும், போகட்டும். பசியோடு நிற்கிறவர் முகம் திரையில் அப்படியே தெரியும். மீதியில் சட்டையில் மாட்டும் மைக் ஒன்று, மெமரி கார்டு இரண்டு வாங்குங்கள். எடுத்ததை அன்றைக்கு இரவே இரண்டு இடத்தில் காப்பி போட்டுவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

இன்னொன்று. பணம் போதவில்லை என்று அம்மாவின் நகையை அடகு வைக்காதீர்கள். பணம் போதாவிட்டால் கதையைச் சுருக்குங்கள்.

காவேரிப்பட்டணம்: பிவிசி பைப்பில் கேமரா ஸ்டாண்டு செய்தேன். போல்ட் லொடலொடவென்று ஆடுகிறது. ஹார்டுவேர் கடையில் கேமராவைக் காட்டித்தான் வாங்கினேன்.

6 எம்எம் போல்ட் கொடுத்திருப்பார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் ஏறும். ஆனால் கேமராவின் அடியில் இருப்பது கால் இஞ்ச் ஓட்டை, இஞ்சுக்கு 20 மரை. அதாவது விட்டம் 6.35 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1.27 மில்லிமீட்டர். 6 எம்எம் போல்ட்டில் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர்தான். பலமாக முறுக்கினால் கேமராவின் மரை போய்விடும், பிறகு சரி செய்வது பெரிய வேலை. உடனே கழற்றுங்கள். "கால் இஞ்ச் பிஎஸ்டபிள்யூ" (பழைய பிரிட்டிஷ் மரை அளவு) என்று கேட்டு வாங்குங்கள், அது சரியாக உட்காரும். போனுக்கு ஓட்டை கிடையாது என்பதால், அடியில் கால் இஞ்ச் மரை உள்ள போன் கிளாம்ப் ஒன்று வேண்டும்.

அதே போல்ட்டில் ஆள் உயரத்துக்கு நைலான் கயிறு ஒன்றைக் கட்டுங்கள். கயிற்றின் மறுநுனியைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் கை நடுக்கம் முக்கால்வாசி அடங்கிவிடும். ஸ்டாண்டு வைக்க இடமில்லாத சந்தைக் கூட்டத்தில் இன்றைக்கும் நான் இதைத்தான் செய்கிறேன்.

ஊத்தங்கரை, பள்ளி ஆசிரியை: சார், மதியம் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழுகிறது. விளக்கு வாங்க வசதி இல்லை.

அம்மா, முதல் வழி மதியம் எடுக்காமல் இருப்பது. காலை ஒன்பதுக்குள்ளும் மாலை நான்குக்கு மேலும் வெயில் சாய்ந்து விழும், காசு கொடுத்தாலும் அப்படி ஒரு விளக்கு கிடைக்காது. மதியம்தான் முடியுமென்றால் ஆளை ஓட்டு வீட்டுத் திண்ணைக்கோ புளியமர நிழலுக்கோ கொண்டுவாருங்கள். வெயிலில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை முகத்தில் விழவிடுங்கள். தெர்மாக்கோல் அட்டையும் அதே வேலையைச் செய்யும், காற்றில் உடையாமல் இருக்க பின்னால் பிளைவுட் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இதை ஏழைக்கு ஏற்ற வழி என்று நினைத்துவிடாதீர்கள். 1956இல் சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்காக ஸ்டுடியோவுக்குள் காசி வீட்டு முற்றம் ஒன்றைச் செட் போட்டார்கள். முற்றத்துக்கு மேலே வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் எப்படி இருக்குமோ அப்படி வரவேண்டும் என்பதற்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்கை அதில் அடித்துத் திருப்பினார். நீங்கள் பிடிக்கப்போகும் வேட்டியும் அந்தத் துணியும் ஒன்றுதான்.

நல்லம்பள்ளி: இரவுக் காட்சி. வீட்டு எல்இடி பல்பில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான பல்பு அதற்கேற்ப நொடிக்கு 100 முறை மின்னும். கேமராவை நொடிக்கு 25 ஃபிரேமிலும், ஷட்டரை ஒரு நொடியில் 50இல் 1 பங்கிலும் வையுங்கள். போனோடு வந்த கேமரா ஆப்பில் இது முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியும் பட்டை வந்தால் பல்பை மாற்றுங்கள். எல்லா பல்பும் ஒரே நிறமாக இருக்கட்டும். பல்புக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் பட்டர் பேப்பர் கட்டினால் முகம் மென்மையாகத் தெரியும். ஹாலஜன் விளக்குக்கு முன்னால் மட்டும் அதைக் கட்டாதீர்கள், பற்றிக்கொள்ளும். கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது குற்றம், உயிரும் போகும்.

சூளகிரி: 40,000 ரூபாய்க்குள் எந்த கேமரா வாங்கலாம்?

இருக்கிற போன் போதும். முதல் படம் முடித்த பிறகு கேளுங்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி: படம் நன்றாக இருக்கிறது அண்ணா, ஆனால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். என் இரண்டாவது படம் இப்படித்தான் போயிற்று. வத்தல்மலையில் இரண்டு நாள் எடுத்தேன், கேமராவின் மைக்கையே நம்பினேன். ஆள் பத்தடி தள்ளி நின்று பேசினார். வீட்டுக்கு வந்து கேட்டால் காற்றுதான் பேசுகிறது. படம் மங்கலாக இருந்தால்கூடப் பார்ப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

திறந்த வெளியில், மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபெல் குறையும். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் சத்தம் குறையாது, அப்படியே நிற்கும். அதனால் மைக்கைப் பக்கத்தில் வையுங்கள். விலை உயர்ந்த மைக் பத்தடியில் இருப்பதைவிட மலிவான மைக் ஒரு சாணில் இருப்பது மேல். இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, வயர் மைக்கை அதில் செருகி, போனை ஆளின் சட்டைப் பையில் போடுங்கள். ஒவ்வொரு ஷாட் தொடக்கத்திலும் கேமராவுக்கு முன்னால் ஒருமுறை கை தட்டினால் எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்திவிடலாம். மாங்காய் பறிக்கும் நீளக் கழியின் நுனியில் மைக்கைக் கட்டித் தலைக்கு மேலே பிடிப்பதும் நல்ல வழி. கழி கைக்கு உரசினால் சத்தம் ஏறும், பிடிக்கிற இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

தகர ஷீட் வீடு என்றால் கேமராவுக்குத் தெரியாத சுவரெல்லாம் கம்பளி தொங்கவிடுங்கள். ஃபிரிட்ஜை நிறுத்துங்கள். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது அதை மறுபடி போட மறக்கமாட்டீர்கள். கடைசியாக எல்லோரும் பேசாமல் நிற்க, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது நடுவில் வரும் ஓட்டையை அதுதான் அடைக்கும்.

ஓசூர்: இத்தனை பாடு எதற்கு? தமிழ் சினிமாவே டப்பிங்கில்தானே வளர்ந்தது. ஒரு நாள் ஸ்டுடியோ எடுத்தால் முடிந்தது.

முடியவில்லை என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வத்தல்மலைப் படத்தை ஆறு மாதம் கழித்து டப்பிங் செய்தேன். நடித்தவர் எழுபது வயதுப் பாட்டி. படத்தில் களி கிண்டிக்கொண்டே மருமகளைத் திட்டுவார். துடுப்பை ஒரு சுற்று இழுக்கும்போது மூச்சு முட்டும், வார்த்தை பாதியில் நிற்கும், துடுப்பு பானையில் இடிக்கும், மீதி வார்த்தை வரும். ஸ்டுடியோவில் ஏசி அறையில் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்தோம். கை சும்மா இருந்தது, திட்டு வரவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். மறுநாள் துடுப்பையும் பானையையும் கொண்டுபோய்க் கையில் கொடுத்த பிறகுதான் பாதியாவது தேறியது.

தேன்கனிக்கோட்டை: அண்ணன் சொல்வது சரி. எங்கள் பக்கம் ஒரே வாக்கியத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வரும். டப்பிங்கில் யார் அதைப் பேசுவார்கள்?

இதைத்தான் சொல்லவந்தேன், நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நம் இரண்டு மாவட்டத்துப் பேச்சு திரையில் எவ்வளவு வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாமே எடுக்கும்போதும் அதைத் துடைத்துவிட்டால், வேறு யார் பதிவு செய்வார்கள்?

ஓசூர் (மறுபடி): உணர்ச்சி சரிதான். நான் எடுப்பது தேசிய நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை. லாரி சத்தத்தில் உங்கள் சட்டைப்பை மைக் என்ன செய்யும்?

நியாயமான கேள்வி. பெங்களூர்–சேலம் சாலை ஓரத்திலும் ஒகேனக்கல் அருவிக்குப் பக்கத்திலும் நேரடி ஒலி நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் ஸ்டுடியோ தேவையில்லை. ஷாட் சரியாக வந்த உடனே, அதே உடுப்போடு, அதே மூச்சு வாங்கலோடு ஆளைக் கடைக்குப் பின்பக்கம் அழைத்துப்போய் அதே வசனத்தை மூன்று முறை பேசவையுங்கள். மைக் ஒரு சாணில் இருக்கட்டும். மனசு இன்னும் காட்சிக்குள்ளேயே இருக்கும், வேகமும் ஒட்டிப்போகும். லாரிச் சத்தத்தைத் தனியாக எடுத்து அடியில் போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து ஏசி அறையில் பேசுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அரூர்: பத்து நிமிட ஷாட்டில் தொடக்கத்தில் உதடும் ஒலியும் சேர்கிறது, போகப்போக விலகுகிறது.

பல போன்கள் ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்திருப்பதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நொடிக்கு நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிய பிறகு எடிட் செய்யுங்கள். ஷாட்டையும் சின்னதாக எடுங்கள்.

பர்கூர்: ஊர்க்காரர்களிடம் பணம் கேட்டுப் படம் எடுக்க முடியுமா?

முடியும். 1984இல் கோழிக்கோட்டில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேசா என்ற குழுவைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய் மக்களிடம் சிறுசிறு தொகையாக வாங்கி எடுத்த படம் 1986இல் வந்தது. வாங்கினால் நோட்டில் எழுதுங்கள், படம் முடிந்ததும் முதலில் அவர்கள் தெருவில் திரை கட்டிக் காட்டுங்கள். நன்கொடையாக வாங்குங்கள், வட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள்.

அஞ்செட்டி: ஒகேனக்கல்லை ட்ரோனில் எடுக்கலாமா?

ட்ரோன் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று நிறம் பிரித்துக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பாருங்கள். ட்ரோன் 250 கிராமுக்கு மேல் என்றால் 2021 விதிகளில் நிபந்தனைகள் கூடும். சுற்றிலும் காடு, வனத்துறையிடம் கேட்காமல் பறக்கவிடாதீர்கள். மீதியை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

காரிமங்கலம்: கதையில் ஆட்டுக்குட்டி நடிக்கிறது.

எடுப்பதற்கு முன்பே இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். அதன் தளத்தில் விவரம் இருக்கிறது.

மொரப்பூர்: பின்னணியில் பழைய சினிமாப் பாட்டு போடலாமா?

உரிமை வாங்காமல் கூடாது. ஊர்ப் பம்பைக்காரரைக் கூப்பிட்டு, காசு கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

மத்தூர்: 60,000 ரூபாய்க்கு எந்த கேமரா? நகைக்கடன் கிடைக்கும்.

கேமராவும் வேண்டாம், நகைக்கடனும் வேண்டாம்.

பாப்பிரெட்டிப்பட்டி (மறுபடி): அண்ணா, சட்டைப் பையில் போன் போட்டு எங்கள் அம்மாவைப் பேசவைத்துப் பார்த்தேன். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் தெளிவாக இருக்கிறது. ஆனால் நடக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம்.

துணி மைக்கில் உரசுகிறது. மெடிக்கல் ஷாப்பில் மைக்ரோபோர் டேப் வாங்குங்கள். அம்மாவின் முந்தானை மடிப்புக்கு உள்பக்கம் மைக்கை வைத்து, மேலும் கீழும் ஒவ்வொரு துண்டு ஒட்டுங்கள். வயரில் ஒரு சின்ன வளையம் விட்டு அதையும் ஒட்டிவிட்டால் இழுபடாது. பட்டுப் புடவை சலசலக்கும், பழைய நூல் புடவை கட்டச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு அம்மாவை நாலு எட்டு நடக்கவிட்டு ஹெட்போனில் கேளுங்கள்.